செல்லப்பாண்டி ஜீப் 6

காப்பி முடிய இன்னும் நாற்பது நிமிடம் என்கிறது கம்ப்யூட்டர். சற்று முன்னால் இருபது என்றது, அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் என்றது, வாய்க்கு வந்ததைச் சொல்கிறது, ஆல்பம் எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் சன்னாசி அண்ணன் சொல்கிற மாதிரி. பச்சைக் கோடு ஒரு நகம் அளவு நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. பெட்டியின் வயிற்றுக்குள் கர்ரக் கர்ரக் என்று ஒரு சத்தம். நல்ல சத்தமா கெட்ட சத்தமா எனக்குத் தெரியாது. பதினொரு வருஷத்துக் கம்ப்யூட்டர், பழைய விண்டோஸ். லேபர் கார்டு எழுதுகிற வெப்சைட் இதில் திறக்க மாட்டேன் என்கிறது, வெள்ளைப் பக்கத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை, ஐந்து ஜீப் ஆட்கள் கார்டு எழுத வருகிறார்கள், அதனால் இன்று சாயங்காலத்துக்குள் புது விண்டோஸ் ஏற்றியாக வேண்டும். ஏற்றுவது நான். ஸ்டூடியோக்காரர் சன்னாசி அண்ணன் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு தேவாரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். மெக்கானிக் கரீம் பாய் காலையில் வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்து, கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவிட்டு, "பயப்படாதம்மா, இது என்ன ஆபரேஷனா" என்றார். பின்னே என்ன. உள்ளே இருப்பதை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டுத்தான் புதுசு ஏறும் என்று அவர்தான் சொன்னார். இந்தப் பெட்டியில் ஒரே டிரைவ், ஓரமாக ஒதுக்கி வைக்க இன்னொரு அறை கிடையாது. எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடு, எடுக்காதது போனதுதான். முதலில் மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். ஃபேனுக்குள் ஒரு பல்லி காய்ந்து அப்பளமாக இருந்தது, பத்திரிகை ஓரத்தால் தள்ளிவிட்டேன், அப்போதே மனசு சரியில்லை. அடுத்தது ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது. நாலாயிரத்து இருநூறு உருப்படி, நிரந்தரமாக அழிக்கலாமா என்று கேட்டது, அழி என்றேன், பேப்பர் கசக்குகிற சத்தம் வந்தது. குப்பையைக் கொட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டில் அம்மா கொட்டச் சொன்னால்தான் எரிச்சல் வரும்.

இப்போது ஜீப்கள் போய்க்கொண்டிருக்கின்றன. திரையில் சொல்கிறேன். போடியில் பாதிப் பேர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், காலை ஐந்தரைக்கு ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்குவார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த ஜீப்பும் ஒன்றாக வந்து நிற்கும். சன்னாசி அண்ணனுக்குப் பெயர் மண்டையில் நிற்காது. எல்லாரும் முத்துவும் லட்சுமியுமாக இருந்தால் யாரைத் தேடுவது என்பார். அதனால் டிரைவர் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே ஜீப்பில் உட்காருகிற வரிசையில் நம்பர். முன்னால் டிரைவர் பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்று, இரண்டு. நடு சீட்டு மூன்றிலிருந்து ஆறு. பின்னால் எதிரும் புதிருமாக முட்டி இடிக்க உட்காருகிறவர்கள் ஏழிலிருந்து பதினொன்று. ஊருக்கே இது பழகிவிட்டது, பெண்கள் உள்ளே வரும்போதே "காமாட்சி ஜீப், எட்டு" என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். நானும் இதை நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன், போன ஐப்பசி வரைக்கும். போன ஐப்பசியில் தங்கமாயன் ஜீப் மலைக்கு ஏறுகிற மெட்டு ரோட்டில் எட்டாவது வளைவில் கவிழ்ந்தது. மூன்று பேர். மறுநாள் காலையில் மூன்று வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள், போஸ்டருக்குப் போட்டோ வேண்டும், வீட்டில் வேறு போட்டோ இல்லை. ஃபோல்டரைத் திறந்தால் மொத்த ஜீப்பும் உட்கார்ந்திருக்கிறது. உசிரோடு இருக்கிற எட்டு பேர், இல்லாத மூன்று பேர், எல்லார் பின்னாலும் ஒரே நீலத் துணி. ஒருவருக்குத் தன் பெண்டாட்டி எத்தனையாவது சீட் என்று தெரியவில்லை. நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன், அவர் "அடுத்தது" என்றார், "அடுத்தது" என்றார், அப்புறம் திரையில் விரலை வைத்தார். விரல் ரேகை அங்கேயே இருந்தது. நான் ரொம்ப நாள் துடைக்கவில்லை. படத்தில் அந்த அம்மா காதில் ஒன்றும் இல்லாமல் இருந்தது, கம்மல் போட்டுவிடு பாப்பா என்றார் அவர், போட்டுவிட்டேன். எங்களிடம் ஒரு ஃபைல் நிறையக் கம்மல் இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது, ஆண்களுக்குக் கோட்டு இருக்கிறது. செத்த பிறகு ஜோடிப்பது என் வேலை.

மணி நாலே கால். வெளியே வெளிச்சம் பித்தளைப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. மலை தெரியவில்லை. மலை தெரியவில்லை என்றால் மேலே மழை, இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் என்னை மாதிரி யாரும் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்பவர்களிடம் கணக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். கணக்கு வரும். பிளஸ் ஒன் வகுப்பு ஜன்னல் கிழக்குப் பக்கம், அதிலிருந்து மலை தெரியாது, ஜீப் வருவதும் தெரியாது. தங்கமாயன் ஜீப்புக்கு அப்புறம் மூன்று மணிக்கு மேல் என் காதில் பாடம் ஏறவில்லை, உள்ளங்கை வேர்த்து நோட்டில் மை ஊறும். டீச்சர் எழுப்பி விட்டுக் கேள்வி கேட்டால் முழிப்பேன், பின் பெஞ்சிலிருந்து "ஜக்கம்மா, நல்ல காலம் பொறக்குதான்னு பாத்துச் சொல்லு" என்று எவனாவது குடுகுடுப்பை ஆட்டுவான். என் பெயர் அது. எங்கள் குலசாமி பெயர். இந்த ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே புளியமரத்து ஸ்டாப், ஜீப் எல்லாம் அங்கேதான் ஆள் இறக்கும். அதுவரை லீவு நாளில் மட்டும் இங்கே கூடமாட உதவிக்கு வந்துகொண்டிருந்தவள், முழு நேர வேலைக்கு ஆள் தேவை என்று அட்டை தொங்கியதைப் பார்த்த அன்றே படிப்பை விட்டு வந்து சேர்ந்துவிட்டேன். போட்டோ மேல் ஆசை எல்லாம் இல்லை. இங்கிருந்து பார்த்தால் அம்மா இறங்குவது தெரியும். அவ்வளவுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், முதலில் அம்மா சிரிப்பாள். இன்று காலையில்கூட இருட்டோடு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, அட்டை கடிக்காமல் இருக்க உப்பு முடிச்சை இடுப்பில் சொருகிக்கொண்டு, "இன்னைக்கு மழை வரும், போகாத" என்று நான் சொன்னதற்கு, "மழைக்குப் பயந்தா காய் தானா வந்து கூடையில விழுமா" என்றாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வர்றேன் என்று அவள் சொன்னாளா இல்லையா, ஞாபகம் வரவில்லை. போர்வை காதை மூடியிருந்தது. தினமும் சொல்வாள். இன்று சொன்னாளா.

காமாட்சி ஜீப் போய்விட்டது, பதினொன்று. சேது ஜீப் போய்விட்டது, பன்னிரண்டு, அவன் எப்போதும் கூட ஒரு ஆளை அடைப்பான். செல்லப்பாண்டி ஜீப். அம்மா போவது அதில்தான். கோடு அங்கே வந்து கொஞ்சம் தயங்குகிறது. போ. போய்விட்டது. காப்பியான ஃபோல்டரைத் திறந்து எண்ணிப் பார் என்று கரீம் பாய் எழுதியிருக்கிறார், எண்ணினேன், பத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஏழு. ஆறு இல்லை. ஆறு அம்மா. நடு சீட்டின் ஓரம், ஏறும்போது பாறைப் பக்கம், இறங்கும்போது பள்ளத்துப் பக்கம். ஆறு ஏன் இல்லை என்று கேட்கிற அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான். தங்கமாயன் ஜீப் போஸ்டர் அடித்த அன்று, எல்லாரும் போன பிறகு, அம்மாவை ஜீப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த வரிசையில் அவள் முகம் இருக்கக் கூடாது, அடுத்தது அடுத்தது என்று ஒருத்தர் விரல் வைக்கக் கூடாது. ஆனால் அழிக்கவும் கூடாது, அழித்தால் அதுவே கெட்ட சகுனம். எங்கள் தெருவில் குப்பமுத்து என்று ஒருத்தர். முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை என்று இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து அந்தப் பெயரை வைத்தார்களாம், குப்பைதானே என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவான். எழுபது வயசாகிறது, சைக்கிள் மிதிக்கிறார். நான் அம்மாவை ரீசைக்கிள் பின்னில் போட்டேன். ஜீப்பிலும் இல்லை, இல்லாமலும் இல்லை. அங்கே போய் யார் முகம் தேடுவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை திறந்து இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வேன், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மறந்துவிட்டேன். மறந்தே போய்விட்டேன். இன்று காலை பதினொரு மணிக்கு நாலாயிரத்து இருநூறு உருப்படியோடு சேர்த்து நிரந்தரமாக அழிக்கலாமா என்று கேட்டது, அழி என்றேன், சுகமாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

போன் அடித்தது. அம்மா இல்லை, சன்னாசி அண்ணன். பின்னால் மேளம். "ஜக்கம்மா, நல்ல சேதி சொல்லு." காப்பி ஆகிறது என்றேன். "அந்தக் கடைசி பட்டன அமுக்கிட்டியா?" இன்னும் இல்லை. "அது ஏற ரெண்டு மணி நேரம் ஆகுமாமில்ல, ஆறு மணிக்குள்ள அமுக்கிரு. நாளைக்கு அம்பது பேரு வந்து நிப்பாங்க, என்னைய ஏலக்கா மாதிரி உரிச்சுருவாங்க." அண்ணே, குப்பையைக் காலி பண்ணிட்டா திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். "குப்பையத் திரும்ப எடுத்து என்ன பண்ணப் போற, மாலை கட்டப் போறியா? அங்க மழையா?" மேலே மழை என்றேன். "சரி, சரி" என்றார், இந்த இரண்டாவது சரியில் குரல் இறங்கிவிட்டது, அவருக்கும் ஐப்பசி ஞாபகம் வந்திருக்கும். வைத்துவிட்டார். கரீம் பாய் ஒரு தடவை சொன்னார், அழித்தது உடனே போய்விடாது, அந்த இடம் காலி என்று எழுதி வைத்துவிடும், ஆனால் படம் அங்கேயேதான் கிடக்கும், அதன் மேல் வேறு எதையாவது எழுதுகிறவரைக்கும். அப்படியென்றால் அம்மா இன்னும் உள்ளே இருக்கிறாள். பட்டனை அமுக்கினால் அவள் மேல் புது விண்டோஸ் ஏறும். அமுக்காவிட்டால் நாளைக்கு ஐம்பது பேர். அம்பது பேர் கிடக்கட்டும். ஒரு போட்டோ போனால் என்ன குடி முழுகிப்போகும், வேறு எடுத்தால் ஆச்சு, எடுக்க ஆள் இருந்தால் ஆச்சு. இருந்தால் என்று ஏன் நினைத்தேன். எச்சில் துப்பினேன், கடைக்குள்ளேயே, அப்புறம் காலால் தேய்த்தேன். என் போனில் அம்மா இருக்கிறாள். அவள் முதுகு இருக்கிறது, சோறு வடிக்கிற கை இருக்கிறது, எடுக்காதடி என்று முகத்துக்கு முன்னால் நீட்டிய உள்ளங்கை பதினாலு இருக்கிறது. வோட்டர் கார்டில் இருப்பது தான்தான் என்று அம்மாவே ஒத்துக்கொள்ள மாட்டாள். அப்படி ஒன்று ஆகிவிட்டால் போஸ்டரில் எதைப் போடுவேன், உள்ளங்கையையா. அம்மாவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மேலே எப்போதும் அப்படித்தான். எப்போதும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே ஒன்பது தடவை போட்டேன்.

ஐந்தரைக்கு மழை கீழேயும் வந்துவிட்டது. ஐந்தே முக்காலுக்குக் காமாட்சி ஜீப் வந்தது, பக்கவாட்டில் தார்ப்பாய் படபடக்க. இறங்கினார்கள், பதினொன்று எண்ணினேன். ஐந்து ஐம்பதுக்குச் சேது ஜீப், பன்னிரண்டு. காப்பி முடிந்துவிட்டது என்று திரை சொல்கிறது. பென்டிரைவைச் சொருகினேன், நீலமாக ஒரு பக்கம் வந்தது, கீழே வலது மூலையில் 'அடுத்து' என்று ஒரு பட்டன். நான் மவுஸைத் தொடவில்லை. செல்லப்பாண்டி எப்போதும் காமாட்சிக்கு முன்னால் வந்துவிடுவார், அவருக்குச் சாயங்காலம் டீ முக்கியம். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வந்து நின்றார். லுங்கி நனைந்து காலில் ஒட்டியிருக்கிறது, தோளைத் தட்டிவிட்டுக்கொள்கிறார், உள்ளே வருவதா என்று யோசிக்கிறார். வராதே. உள்ளே வராதே. அன்றைக்கும் இப்படித்தான் கதவுக்கு வெளியே நின்று யோசித்தார்கள். கதவைத் தள்ளிவிட்டார். "பாப்பா, போட்டோ இருக்குமா?" எந்த ஜீப் என்று கேட்டேன். "எனக்கு எதுக்குத்தா ஜீப்பு? மகனுக்கு பேங்குல குடுக்கணும், போன மாசம் இங்கதான் எடுத்தான், மிச்சம் ரெண்டு காப்பி இருக்கான்னு கேட்டேன்." நாளைக்கு வாங்க என்றேன். அவர் போகவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மெட்டு ரோட்டுல மரம் விழுந்துருச்சாம். ஒரு ஜீப்பு நிக்குதுங்கறாங்க." யார் ஜீப்? "அது யாருக்குத் தெரியும். ஒருத்தன் நிக்குதுங்கறான், ஒருத்தன் கெடக்குதுங்கறான்." இதைச் சொல்லிவிட்டு அவர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடிகிறது. நிற்கிறது, கிடக்கிறது. நான் திரையைப் பார்த்தேன், அடுத்து, அடுத்து, வெளியே பார்த்தேன், மழை, திரையைப் பார்த்தேன். சாமி, அந்தப் பட்டனை நான் அமுக்கவே இல்லை பார், அவள் உள்ளே அப்படியேதான் இருக்கிறாள், நான் எதையும் எழுதவில்லை. ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம். ஆறு மணிக்கு மேல் நாலு நிமிஷம். குலசாமி பெயரை வைத்துக்கொண்டு குலசாமியிடம் கெஞ்சுவது ஒரு மாதிரி இருக்கிறது, என்னிடம் நானே கெஞ்சுகிற மாதிரி, அங்கே யாரும் இல்லாத மாதிரி.

ஆறேகாலுக்கு ஒரு ஒற்றை ஹெட்லைட். செல்லப்பாண்டிக்கு இடது லைட் எரியாது, சரிபண்ணச் சொல்லி எல்லாரும் திட்டுவார்கள். இறங்குகிறார்கள், சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், முகம் தெரியவில்லை, ஒன்று, இரண்டு, மூன்று, யாரோ சிரிக்கிறார்கள், நாலு, ஐந்து. அதற்கு மேல் எண்ண முடியவில்லை, கண்ணாடியில் என் மூச்சு படிந்துவிட்டது. துடைப்பதற்குள் கதவு திறந்து மழை வாசமும் பச்சை ஏலக்காய் வாசமும் உள்ளே வந்தன. "ஏன்டி போனப் போட்டு உசுர வாங்குற? கீழ எறங்குனதும் ஒன்பது தடவ டிங்கு டிங்குன்னு அடிக்குது, ஜீப்பே சிரிக்குது, மகளுக்குச் சோறு ஊட்டணும் போலயேன்னு" என்றாள் அம்மா. மழையில் கிளம்பவே லேட்டாம், சேது ஜீப் தாண்டினதும் இவர்களுக்கு முன்னால் மரம் விழுந்து, அதை அறுத்துத் தள்ள அரை மணி நேரம் ஆச்சாம். எல்லாரும் இறங்கிக் கயிறு பிடித்து இழுத்தார்களாம். செல்லப்பாண்டி மட்டும் டீ இல்லையே என்று புலம்பினாராம். நான் சொன்னேன், ஒரே மூச்சில், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "உன் போட்டோவ நான் குப்பைல போட்டு வச்சிருந்தேன், இன்னைக்குக் காலி பண்ணிட்டேன், இப்ப உன் போட்டோ இல்ல." அம்மா சாக்கை உதறினாள். கீபோர்டு மேல் தெறித்தது. "எது, கண்ணு பாதி மூடி, ஆடு கெணத்துல விழுந்த மாதிரி இருப்பனே, அதுவா? நல்ல காரியம் பண்ண." அம்மா, நீ செத்துட்டேன்னு நெனச்சேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது, சொல்லவில்லை. சொல்லாததையும் அவள் கேட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் ஈரக் கையால் என் மூக்கைத் துடைத்தாள். "உக்காரு" என்றேன். "இப்பவா? இந்தக் கோலத்துலயா?" உக்காரு.

நீலத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சின்னக் கேமராவை எடுத்தேன். நெற்றியில் தண்ணீர், கன்னத்தில் சேறு, காதில் வேப்பங்குச்சி. "அப்ப நல்லா எடு. கம்மல் மூக்குத்தியெல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுவிடுவியாம்ல, அந்தத் தங்கமாயன் ஜீப்புக்காரிக்குப் போட்ட மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுவிடு, ஜிமிக்கி வச்சது." போட மாட்டேன் என்றேன். "ஏன், எனக்கு நல்லாருக்காதா?" போட மாட்டேன். கத்தியிருப்பேன் போலிருக்கிறது. அவள் வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாள், அப்போது எடுத்தேன். மேல்வரிசைப் பல் இரண்டு தெரிகிறது, கண் இரண்டும் திறந்திருக்கிறது. ஹார்டு டிஸ்கில் ஏற்றப் போனேன், எங்கே வைப்பது என்று கை நின்றது. வேறு ஃபோல்டர் போடலாம், அம்மா என்று பெயர் வைக்கலாம், தனியாக. குப்பையில் வைத்துப் பார்த்தாயிற்று. நாளை மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் மறுபடி அந்த ஓர சீட்டில்தான் உட்காரப்போகிறாள், நான் எங்கே வைத்தாலும். செல்லப்பாண்டி ஜீப்பைத் திறந்து, ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில், ஆறு என்று போட்டேன். எண்ணினேன், பதினொன்று. ஹார்டு டிஸ்கைக் கழற்றி என் பைக்குள் வைத்தேன். அப்புறம் அமுக்கினேன். திரை ஒரு தடவை மினுக்கிவிட்டு முழுசாகக் கறுத்தது, உள்ளேயிருந்த கர்ரக் சத்தமும் நின்றுபோனது. அம்மா என் தோளுக்கு மேல் குனிந்து, "அய்யோ, என்னடி, போயிருச்சா?" என்றாள். கறுப்புக் கண்ணாடியில் சாக்கு போட்ட அவள் தலை தெரிந்தது, பக்கத்தில் என்னுடையது. வரும் என்றேன். எப்ப வரும்? தெரியாது. அவள் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அதையே பார்க்க ஆரம்பித்தாள்.